ஆணுக்கு டை, பெண்ணுக்குச் சேலை: கணக்கு நேராகிறதா?

கேள்வி, 4 ஜூலை 2024

என் தங்கைக்குக் கோவைப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளர் வேலை கிடைத்திருக்கிறது. பெண்களுக்குச் சேலை கட்டாயம், அதற்கு மேல் ஓவர்கோட். ஆண்களுக்கு முழுக்கைச் சட்டை, டை, ஷூ. இது பாகுபாடு என்கிறாள் தங்கை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இருவருக்கும் விதி இருக்கிறது, இருவரும் கட்டுப்படுகிறார்கள். ஏப்ரல் வெயிலில் டை கட்டுவதும் சுகமான காரியமல்ல. ஏற்றத்தாழ்வு எங்கே இருக்கிறது?

5 ஜூலை 2024

ஓவர்கோட்டில் இருக்கிறது. இதே வட்டாரத்தில் வேறொரு கல்லூரியில் இயந்திரவியல் துறையில் சில வருடங்கள் பாடம் எடுத்தவள் நான். வேலையில் சேர்ந்த அன்று கொடுத்த தாளில், ஆசிரியைக்குக் கண்ணியமான உடை சேலைதான் என்று எழுதியிருந்தது. அதற்கு அடுத்த வரியில், சேலைக்கு மேல் முழங்கால் வரை ஓவர்கோட் அணிய வேண்டும் என்று இருந்தது. ஏன் என்று கேட்டால், இடுப்புத் தெரியும், மாணவர்களின் கவனம் சிதறும் என்றார்கள். அப்படியானால் சேலை கண்ணியமான உடையா, இல்லையா? கண்ணியம் என்று சொல்லிக் கட்ட வைத்துவிட்டு, கண்ணியம் போதவில்லை என்று மூடவும் வைக்கிறார்கள். சுடிதார் போட்டால் இடுப்பும் தெரியாது, கோட்டும் தேவைப்படாது. அதைச் சொன்னபோது, “நிர்வாகத்தின் முடிவு, மேடம்” என்றார் அலுவலக மேலாளர். அதற்கு மேல் அந்தப் பேச்சு நகரவில்லை.

டை கட்டிய ஆண் ஆசிரியரைப் பார்த்தால் மாணவியின் கவனம் சிதறுமா என்று நான் இருந்த எந்தக் கூட்டத்திலும் யாரும் கவலைப்படவில்லை. இரண்டு விதிகளும் ஒரே தாளில்தான் அச்சாகியிருந்தன. ஒன்று ஆளை மிடுக்காகக் காட்ட, மற்றது உடம்பை மறைக்க.

6 ஜூலை

விட்டுப்போனது ஒன்று. எங்கள் கல்லூரியில் துப்புரவு வேலை செய்த பெண்களுக்கும் சேலைக்கு மேல் கோட்தான். அவர்களுக்கு நீலம், எங்களுக்கு வெளிர் சாம்பல். ஆண் ஊழியர்களில் காவலாளி முதல் முதல்வர் வரை யாருக்கும் கோட் கிடையாது. பெண் என்றால் முனைவர் பட்டம் வாங்கியிருந்தாலும் ஓர் உறை.

9 ஜூலை

“ஆண்களுக்கும் விதி உண்டு, ஆகவே சமம்” என்று மேலே மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். இந்த வாதம் நீதிமன்றத்திலேயே ஒருமுறை வென்றிருக்கிறது. இங்கிலாந்தில் ஒரு புத்தகக்கடையில் வேலை பார்த்த பெண், வாடிக்கையாளர்கள் இருக்கும் இடத்தில் பேன்ட் அணியக் கூடாது என்ற விதியை ஏற்காததால் வேலையை இழந்தார். 1977-இல் வழக்கு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனது. அங்கே ஆண்களுக்கும் டி-ஷர்ட் தடை இருக்கிறதே, பிறகென்ன பாகுபாடு என்று முடித்துவிட்டார்கள். உங்கள் டையும் அவர்கள் டி-ஷர்ட்டும் ஒன்றுதான்.

அந்தச் சிந்தனை எவ்வளவு நாள் ஓடியது என்றால், 2015 டிசம்பரில் லண்டனில் நிக்கோலா தோர்ப் என்ற வரவேற்பாளர் தட்டையான செருப்போடு வேலைக்குப் போனபோது, இரண்டு முதல் நான்கு அங்குலக் குதிகால் வேண்டும் என்று சொல்லிச் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆண்களும் இப்படி அணிய வேண்டுமா என்று அவர் கேட்டதற்குச் சிரித்தார்களாம். குதிகால் கட்டாயத்தைத் தடை செய்யக் கோரி அவர் போட்ட மனுவில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். 2017-இல் நாடாளுமன்றக் குழுக்கள் அதைப் பற்றி அறிக்கையே எழுதின. ஜப்பானில் யூமி இஷிகாவா 2019-இல் இதே கோரிக்கையோடு அரசிடம் போனபோது, குதிகால் செருப்பு வேலைக்குத் தேவையானதுதான் என்று தொழிலாளர் துறை அமைச்சர் சொன்னார். அடுத்த வருடம் ஜப்பான் ஏர்லைன்ஸ் அந்தக் கட்டாயத்தைத் தானே கைவிட்டது.

12 ஜூலை

இஸ்திரி, ஷூ பாலிஷ் செலவு ஆண்களுக்கும் உண்டு என்று எழுதியவருக்கு.

அமெரிக்காவின் ரீனோ நகரில் ஒரு சூதாட்ட விடுதியின் மதுக்கூடத்தில் டார்லீன் ஜெஸ்பர்சன் 20 வருடம் வேலை செய்தார். வேலையில் குறை சொன்னவர் யாருமில்லை. 2000-இல் புதுவிதி வந்தது. பெண்கள் முகப்பூச்சு, உதட்டுச்சாயம், மஸ்காரா எல்லாம் போட்டு, தலைமுடியை அலங்கரித்து வர வேண்டும். ஆண்கள் முடியைக் காலருக்கு மேல் வெட்டிக்கொண்டால் போதும். அவர் மறுத்தார், வேலை போயிற்று. 2006-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதுதான் வேடிக்கை. ஒரு பாலருக்கு மட்டும் கூடுதல் சுமை என்றால் அது பாகுபாடுதான், ஆனால் முகப்பூச்சுக்கு எவ்வளவு பணமும் நேரமும் ஆகிறது என்பதற்கு இவர் ஆதாரம் தாக்கல் செய்யவில்லை என்று தள்ளிவிட்டது. இதற்கெல்லாமா ஆதாரம் கேட்பது என்ற பொருளில் மாறுபட்டு எழுதிய நீதிபதியும் அந்த அமர்வில் இருந்தார். எண்ணிக்கையில் அவர் பக்கம் தோற்றது.

சரி, நான் ஆதாரம் தாக்கல் செய்கிறேன். வேலைக்குக் கட்டக்கூடிய பருத்திச் சேலை 700 ரூபாயிலிருந்து. ஃபால்ஸ் வைத்து ஓரம் அடிக்க 120. பிளவுஸ் தையல்கூலி லைனிங்கோடு 450. தீபாவளிக்கு முந்தைய மாதம் என்றால் தையற்காரர் வைத்ததுதான் விலை, அவர் சொன்னதுதான் தேதி. உள்பாவாடை 200. கஞ்சி போடுவது வீட்டு வேலை, அதற்கு விலை எழுதுவதில்லை. இஸ்திரிக்காரர் சட்டைக்கு 10 வாங்கினால் சேலைக்கு 40 வாங்குகிறார், மடிப்பு அதிகம் என்பார். இந்த வரிசையில் வாரத்துக்கு ஐந்தாறு வேண்டும். ஒரே சேலையை அடுத்தடுத்து இரண்டு நாள் கட்டினால் மாணவர்கள் கவனிப்பதில்லை, ஓய்வறையில் சக ஆசிரியைகள் கேட்டுவிடுவார்கள். எங்கள் துறைத்தலைவர் மூன்று பேன்ட்டிலும் ஐந்து சட்டையிலும் ஒரு கல்வியாண்டையே ஓட்டினார். ஐந்தில் இரண்டு ஒரே நிறம்.

நேரம்: கல்லூரிப் பேருந்து ஊர் முக்குக்கு 7.10-க்கு வரும். கொசுவம் சரியாக விழுந்தால் பதினைந்து நிமிடம், விழாத நாளில் அரைமணி. அதே பேருந்தில் ஏறும் ஆண் ஆசிரியர்கள் டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்து கல்லூரி வாசலில் கட்டிக்கொள்வார்கள். சேலையை வாசலில் கட்ட முடியாது.

சம்பளம் இருவருக்கும் ஒன்று.

13 ஜூலை

“பிடித்துத்தானே கட்டுகிறீர்கள், கல்யாணத்துக்குப் பத்தாயிரத்தில் எடுக்கும்போது கணக்குப் பார்த்தீர்களா?” பார்க்கவில்லை. கல்யாணத்துக்கு நானாகக் கட்டுகிறேன். சுடிதாரில் போனால் பந்தியில் உட்கார விடமாட்டோம் என்று யாரும் சுற்றறிக்கை அனுப்புவதில்லை.

20 ஜூலை

அரசு ஊழியர் விதி என்ன என்று கேட்டிருந்தார் ஒருவர். 2019 மே மாத இறுதியில் தமிழ்நாடு அரசு ஆணை வெளியிட்டது. பெண்கள் சேலை, சல்வார் கமீஸ் அல்லது துப்பட்டாவுடன் சுடிதார். ஆண்கள் பேன்ட் சட்டை அல்லது தமிழ்ப் பண்பாட்டைக் காட்டும் வேட்டி, அல்லது இந்திய மரபுடை ஏதேனும். அரசு அலுவலகத்தில் சுடிதார் போடலாம் என்று எழுத்திலேயே இருக்கும்போது, தனியார் கல்லூரி சேலையில் நிற்பதற்கு அரசைக் காட்ட முடியாது.

ஆனால் அந்தத் துப்பட்டாவைப் பாருங்கள். அதே நாட்டில் வழக்கறிஞர்களுக்கான பார் கவுன்சில் விதி இருக்கிறது. பெண் வழக்கறிஞர் சேலை கட்டலாம், நீளப்பாவாடை அணியலாம், சுடிதார் குர்தா அணியலாம், துப்பட்டா இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி என்று வெளிப்படையாகச் சொல்கிறது. உயர் நீதிமன்றத்தில் நீதிபதி முன் துப்பட்டா இல்லாமல் வாதாடலாம். வட்டாட்சியர் அலுவலகத்தில் கோப்புக்கு எண் போடத் துப்பட்டா வேண்டும்.

வழக்கறிஞர்களின் கறுப்புக் கோட் சென்னை வெயிலில் இருபாலருக்கும் ஒரே தண்டனை. அதைச் சமத்துவம் என்றால் நான் வாதாட வரமாட்டேன்.

27 ஜூலை

இன்று கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். ஒரு வாரமாக மனத்தில் ஓடிக்கொண்டிருப்பது உண்மையில் பட்டறைதான்.

முதலாண்டு மாணவர்களுக்கு ஒர்க்‌ஷாப் வகுப்பு உண்டு. ஃபிட்டிங், தச்சு, வெல்டிங், பிறகு லேத் என்கிற கடைசல் இயந்திரம். சுவரில் பெரிய எழுத்தில் விதிகள்: தளர்ந்த உடை கூடாது, மோதிரம் கூடாது, விரித்த தலைமுடி கூடாது, துப்பட்டா கூடாது. மாணவிகள் துப்பட்டாவை அலமாரியில் வைத்துவிட்டுக் காக்கிக் கோட்டைப் போட்டுக்கொண்டு, சடையை உள்ளே செருகிக்கொண்டு வருவார்கள். அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கப் போகும் நான் ஐந்தரை மீட்டர் துணியில். கோட் முந்தானையைப் பிடித்து வைக்கும், கொசுவத்தைப் பிடித்து வைக்காது. லேத்தில் இரும்பைப் பிடித்துக்கொண்டு சுழலும் சக்குக்குப் பக்கத்தில் குனிய எனக்கே பயம். கிரைண்டிங் சக்கரத்திலிருந்து பொறி பறக்கும்போது, பாலியெஸ்டர் கலந்த சேலையோடு அருகே நிற்பது புத்திசாலித்தனமல்ல.

ஆகவே வழக்கம் என்ன ஆனது என்றால், இயந்திரத்தை ஓட்டிக் காட்டுவது ஆண் பயிற்றுநர். நான் ஓரமாக நின்று விளக்குவேன், ரெக்கார்டு நோட்டில் கையெழுத்திடுவேன். யாரும் தடுக்கவில்லை. உடையே தடுத்துவிட்டது. சில வருடம் கழித்து, கணினி இயக்கும் சி.என்.சி. இயந்திரப் பயிற்சிக்கு வெளியூர் அனுப்ப ஆள் தேர்ந்தெடுத்தபோது, எனக்குப் பிறகு சேர்ந்தவரை அனுப்பினார்கள். எனக்குச் சொன்ன காரணம், “மேடத்துக்கு இயந்திரத்தில் கைப்பழக்கம் குறைவு.” உண்மைதான், குறைவுதான். குறைவாக வைத்தது எது என்று அந்த மதிப்பீட்டுத் தாளில் எழுத இடமில்லை.

1948-ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 22-ஆம் பிரிவைப் படித்தால் இது என் கல்லூரி மட்டும் கண்டுபிடித்த முறை அல்ல என்று தெரியும். ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தைச் சோதிக்கவோ எண்ணெயிடவோ நேர்ந்தால், சிறப்புப் பயிற்சி பெற்ற, வயதுவந்த ஆண் தொழிலாளிதான் செய்ய வேண்டும், உடம்போடு ஒட்டிய உடை அணிந்திருக்க வேண்டும், அந்த உடையை ஆலை நடத்துபவர் கொடுக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு சொன்னது. அடுத்த உட்பிரிவுக்கு வாருங்கள். ஆலையை ஓட்டும் மூல இயந்திரமும் அதிலிருந்து விசையைக் கடத்தும் பாகங்களும் ஓடும்போது பெண் அவற்றைச் சுத்தம் செய்யவோ எண்ணெயிடவோ கூடாது என்றது. இளம் வயதினருக்கும் அதே தடை இருந்தது.

ஆபத்து தளர்ந்த துணியில் இருக்கிறது என்று சட்டம் எழுதியவர்களுக்கு அப்போதே தெரியும். தீர்வும் தெரியும்: ஒட்டிய உடை, முதலாளி செலவில். அந்தத் தீர்வை ஆணுக்குக் கொடுத்தார்கள். பெண்ணுக்கு உடையைக் கொடுக்காமல் பெண்ணையே இயந்திரத்திலிருந்து அகற்றிவிட்டார்கள். பிறகு இயந்திரம் தெரிந்தவருக்குத்தானே மேற்பார்வையாளர் பதவி, கூடுதல் சம்பளம்?

28 ஜூலை

“சட்டம் பெண்களைக் காப்பாற்றத்தான்.” காப்பாற்றியது என்றே வைத்துக்கொள்வோம். அதே 1948 சட்டத்தில் பெண்கள் இரவு வேலைக்குத் தடையும் இருந்தது. அதையும் காப்பு என்றுதான் சொன்னார்கள். அந்தப் பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000-இல் செல்லாது என்றது. பாதுகாப்பான பேருந்தும் கழிப்பறையும் கொடுத்து வேலை வாங்குங்கள் என்பதுதான் அதன் சாரம்.

2 ஆகஸ்ட்

சேலைக்கு ஏற்றபடி இயந்திரத்தை மாற்ற முடியுமா என்று நக்கலாகக் கேட்டிருக்கிறார் ஒருவர். மாற்றியிருக்கிறோமே! உங்கள் பைக்கின் பின்சக்கரத்தைப் பாருங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, விதி 123: பின்னால் உட்காருபவரின் துணி சிக்காதபடி சக்கரத்தின் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு இருக்க வேண்டும். விதியில் சேலை என்ற சொல் இல்லை. ஆனால் கடையில் போய் “சாரி கார்டு” என்றால்தான் எடுத்துத் தருவார்கள். நாட்டில் விற்கும் ஒவ்வொரு பைக்கிலும் ஒரு துண்டு இரும்பு, பின்னால் உட்காரும் பெண்ணுக்காக.

ஆக, பெண் பின்னால் உட்கார்ந்து வந்தால் வண்டியை மாற்றித் தருகிறார்கள். அவளே இயந்திரத்தை இயக்க நின்றால் அவளை நகர்த்துகிறார்கள். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபிறகுதான் எனக்குக் கல்லூரித் தாள் முழுதாகப் புரிந்தது.

11 ஆகஸ்ட்

ஈரோட்டிலிருந்து எழுதியவர், உடைவிதி எல்லாம் படித்த பெண்களின் கவலை, வயலில் வேலை செய்பவர்களுக்கு இதெல்லாம் கிடையாது என்கிறார். பாதி சரி. அந்தப் பாதியில்தான் எனக்கு ஆர்வம்.

கோபிச்செட்டிப்பாளையம் பக்கம் எங்கள் பெரியம்மா கரும்பு வெட்டுக்கும் மஞ்சள் காட்டுக்கும் போவார். சேலைக்கு மேல் பெரியப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. கரும்புச் சோகை கையைக் கீறாது, வெயில் சுடாது, குனியும்போது முந்தானை சரியாது. சட்டைப்பையில் பொடிமட்டையும் சில்லறையும், பின்னாளில் செல்போனும். நூறுநாள் வேலை நடக்கும் எந்த ஏரிக்கரைக்கும் போய்ப் பாருங்கள். தமிழ்நாட்டில் அந்த வேலைக்கு வருபவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் பெண்கள்தான், அவர்களில் பெரும்பாலோர் ஆண் சட்டையில்தான் இருப்பார்கள். கட்டட வேலைச் சித்தாள்களும் அப்படித்தான். எந்தப் பண்பாட்டுக் காவலரும் அவர்களிடம் போய் இது தமிழ்ப் பெண்ணின் உடையா என்று கேட்டதில்லை. வேலைக்கு எது தேவை என்று பெண்கள் தாங்களே முடிவு செய்து, யாரிடமும் அனுமதி வாங்காமல் உருவாக்கிய சீருடை இது. என்னைப் பொறுத்தவரை நம் ஊரின் மிகச் சிறந்த பணியுடை இதுதான், வடிவமைத்தவர் பெயர் மட்டும் கிடையாது.

மற்றப் பாதி: அது கணவன் கழித்துப் போட்ட சட்டை. தோள் இறங்கி, காலர் கிழிந்து, இரண்டு பட்டன் போய்விட்ட சட்டை. யாரும் கொடுத்ததல்ல. ஆலை நடத்துபவர் உடை கொடுக்க வேண்டும் என்ற 22-ஆம் பிரிவு கரும்புக்காட்டுக்கு வந்ததே இல்லை.

12 ஆகஸ்ட்

பெரியம்மாவிடம் போனில் கேட்டேன், ஏன் பெரியம்மா சட்டை போட்டீர்கள் என்று. “பை இருக்கும் சாமி” என்றார். பாதுகாப்பு, பாலினம் என்று நான் மேலே எழுதிய எதையும் அவர் சொல்லவில்லை.

25 ஆகஸ்ட்

ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ஒருவர் தனியாக எழுதியதை அவர் அனுமதியோடு சுருக்கமாகச் சொல்கிறேன். கடையிலேயே சீருடைச் சேலை கொடுக்கிறார்கள், எல்லாரும் ஒரே நிறம். தையல்கூலி இவர் கையிலிருந்து. நாள் முழுக்க நிற்க வேண்டும். கழிப்பறை மேல்மாடியில், மாதவிடாய் நாளில் சேலையோடு ஏறி இறங்கிச் சமாளித்து வரும் நேரத்தை மேற்பார்வையாளர் கைக்கடிகாரத்தில் பார்ப்பார். வாடிக்கையாளர் முன்னால் விரித்துக் காட்டும் சேலைகளின் விலை இவருடைய இரண்டு மாதச் சம்பளம்.

உடையைப் பற்றிப் பேசும்போது நாற்காலி ஏன் வருகிறது என்று கேட்காதீர்கள். பெண் தொழிலாளி எப்படித் தோன்ற வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள்தான் அவள் நின்றுகொண்டே தோன்ற வேண்டும் என்றும் முடிவெடுத்தார்கள். கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை செய்த பெண்கள், விஜி என்ற தையல் தொழிலாளியின் தலைமையில் ‘பெண்கூட்டு’ என்று சேர்ந்தார்கள். முதலில் கழிப்பறை கேட்டார்கள், பிறகு உட்கார உரிமை கேட்டார்கள். கேரளம் 2018-இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021-இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ பிரிவைச் சேர்த்தது, ஊழியர்களுக்கு இருக்கை வசதி கட்டாயம் என்று. மேலே எழுதியவரின் கடையில் இருக்கை இருக்கிறது. அதில் சேலைக்கட்டுகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

5 செப்டம்பர்

ஆசிரியர் தினம். பழைய மாணவர்களிடமிருந்து வந்த வாழ்த்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு மறுயோசனை.

முதல் வருடம் நான் வகுப்பில் நுழைந்தபோது எனக்கு இருபத்துமூன்று வயது. கடைசி வரிசையில் அரியர் வைத்திருந்தவனுக்கு இருபத்திரண்டு. சேலை இல்லாவிட்டால் என்னையும் மாணவி என்று நினைத்திருப்பார்கள். சேலை கட்டியதும் எழுந்து நின்றார்கள். அந்தக் காலத்தில் சேலை எனக்கு உண்மையாகவே உதவியது, அதை மறைக்க மாட்டேன். என்னோடு சேர்ந்த இளம் ஆண் விரிவுரையாளருக்கும் இதே சிக்கல். அவர் மீசை வளர்த்தார். அதற்குச் சுற்றறிக்கை எதுவும் வரவில்லை, அவராகவே வளர்த்தார், ஒத்துவராததால் அடுத்த பருவத்தில் எடுத்துவிட்டார். அந்த “எடுத்துவிட்டார்” எனக்கு இல்லை.

15 செப்டம்பர்

இலங்கை நிலவரத்தை யாழ்ப்பாணத்திலிருந்து எழுதியவருக்கு நன்றி. இங்கே பலர் கவனிக்காத விஷயம். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, இலங்கையில் அரசு அலுவலகப் பெண்கள் சேலை அல்லது ஒசரி எனப்படும் கண்டிச் சேலைதான் அணிய வேண்டும் என்று மே மாத இறுதியில் சுற்றறிக்கை வந்தது. சொன்ன காரணம் பாதுகாப்பு, அடி விழுந்தது அபாயா என்ற நீள அங்கி அணியும் முஸ்லிம் பெண்கள் மேல். கடும் எதிர்ப்புக்குப் பிறகு அதை மாற்றினார்கள். பிறகு 2022 நவம்பரில், பொருளாதார நெருக்கடியில் விலைவாசி தாங்காமல், ஆசிரியைகள் சிலர் சேலை அல்லாத உடையில் பள்ளிக்குப் போனார்கள். கல்வி அமைச்சு ஏற்கவில்லை. எரிபொருள் வரிசையில் நின்ற நாட்டில்கூடச் சேலைக்கு விலக்கு இல்லை.

கேரளத்தில் ஆசிரியைகளைச் சேலை கட்டும்படி வற்புறுத்தக் கூடாது என்று 2008-இலேயே ஆணை வந்துவிட்டது. சில நிறுவனங்கள் கேட்கவில்லை. 2021 நவம்பரில் அரசு அதையே மறுபடி எழுதி அனுப்ப வேண்டியிருந்தது. அப்போதைய உயர்கல்வி அமைச்சர் ஆர். பிந்து, தான் கல்லூரியில் பாடம் எடுத்தபோது சுடிதாரில் போனதைச் சொன்னார். ஆணை வந்தால் முடிந்தது என்று நினைப்பவர்கள் நடுவிலுள்ள பதின்மூன்று வருடத்தைக் கவனிக்கவும்.

16 செப்டம்பர்

“நம் பண்பாட்டில் பெண்ணின் உடை எப்போதும் மதிப்புக்குரியது” என்றவருக்கு ஒரு வரி. 1859 ஜூலையில் திருவிதாங்கூர் அரசு, நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம் என்று பிரகடனம் செய்தது. உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் விதத்தில் மட்டும் உடுத்தக் கூடாது என்று கூடவே நிபந்தனை போட்டது. யார் எதை எப்படி மறைக்கலாம் என்பதை மேலே இருப்பவர் தீர்மானிப்பதும் நம் பண்பாட்டில் உண்டு.

26 அக்டோபர்

துணை முதலமைச்சர் உதயநிதி ஸ்டாலின் டி-ஷர்ட் அணிவதை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் மனு போட்டிருக்கிறார்கள், 2019 ஆணையைக் காட்டி. இங்கே இரண்டு நாளாக இதே பேச்சு. டி-ஷர்ட் சாதாரண உடையா, அந்த ஆணை அவருக்குப் பொருந்துமா என்றெல்லாம் நீதிமன்றமே கேட்டிருக்கிறது. கட்சி அரசியலுக்குள் நான் போகவில்லை. ஓர் ஆணின் மேல்சட்டைக்கு இவ்வளவு நுணுக்கமான சட்ட ஆராய்ச்சி நடப்பதைப் பார்த்து எங்கள் அலுவலகப் பெண்கள் எல்லாரும் மகிழ்ந்தோம். அதே ஆணையின் துப்பட்டாவை ஐந்து வருடமாக யாரும் எந்த அமர்வுக்கும் கொண்டு போகவில்லை.

9 நவம்பர்

“இப்போது எங்கே வேலை, என்ன உடை?” பம்ப் தயாரிக்கும் ஆலை ஒன்றில் வடிவமைப்புப் பிரிவு. எல்லாருக்கும் ஒரே சீருடை: சட்டை, பேன்ட், பாதுகாப்புக் காலணி, நிர்வாகத்தின் செலவில். முதல் நாள் பைகளை எண்ணினேன், ஆறு. பெரியம்மாவிடம் போனில் சொன்னேன்.

இதோடு எல்லாம் சமமாகிவிட்டது என்று நானும் கொஞ்ச நாள் நம்பினேன். சீருடை வந்தது ஆண் அளவில். மிகச் சிறிய சட்டையிலும் தோள் முழங்கைக்கு இறங்கியது, இடுப்பில் பெல்ட்டை இறுக்கினால் பேன்ட் சாக்குமூட்டை வாயைக் கட்டியது போல் சுருங்கியது. காலணியில் என் அளவு பட்டியலிலேயே இல்லை, இரண்டு காலுறை போட்டுக்கொண்டு நடந்தேன். தளர்ந்த உடை ஆபத்து என்ற பழைய விதி இங்கேயும் சுவரில் இருக்கிறது, தளர்ந்த உடையைக் கொடுத்ததும் அவர்களே.

நாசாவுக்கே நடந்தது. 2019 மார்ச்சில் பெண்கள் இருவர் மட்டும் சேர்ந்து செய்யவிருந்த முதல் விண்நடையில் ஆளை மாற்ற வேண்டி வந்தது. இருவருக்கும் பொருந்தும் நடுத்தர அளவு மேற்பகுதி ஒன்றுதான் தயாராக இருந்தது. அக்டோபரில்தான் கிறிஸ்டினா கோக், ஜெசிகா மெயர் இருவரும் அதைச் செய்தார்கள்.

எங்கள் ஆலையில் விண்வெளி அளவுக்குச் சிக்கல் இல்லை. மனிதவளப் பிரிவில் ஒரு பெண் பொறுப்புக்கு வந்ததும் தையற்காரரை உள்ளே அழைத்து அளவெடுத்தார்கள். காலணிக்கு மட்டும் இன்னும் கோவைக் கடைகளில் தேடிக்கொண்டிருக்கிறோம்.

8 டிசம்பர்

முதல் கேள்வி கேட்டவரின் தங்கை எழுதியிருக்கிறார். அவர் கல்லூரியில் ஏழு ஆசிரியைகள் சேர்ந்து நிர்வாகத்துக்கு மனு கொடுக்கப் போகிறார்களாம், வாசகம் வேண்டும் என்கிறார். எனக்குத் தோன்றியது:

“வேலைக்கு ஏற்ற, தூய்மையான உடை என்ற ஒரே விதியை ஆண், பெண் இருபாலருக்கும் பொதுவாக வைக்க வேண்டுகிறோம். சேலை, சுடிதார், பேன்ட் சட்டை ஆகியவற்றில் எதை அணிவது என்பதை அவரவர் விருப்பத்துக்கு விட வேண்டும். ஓவர்கோட் தேவையென நிர்வாகம் கருதினால் அது அனைவருக்கும் பொருந்த வேண்டும். பட்டறையிலும் ஆய்வகத்திலும் பணிபுரியும் அனைவருக்கும் ஒவ்வொருவரின் அளவையும் எடுத்துப் பாதுகாப்பு உடையும் காலணியும் நிர்வாகச் செலவில் வழங்க வேண்டும்.”

பண்பாடு, உரிமை, பாகுபாடு என்ற சொற்கள் எதையும் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. சேர்த்தால் கூட்டம் முழுக்க அந்தச் சொல்லிலேயே போய்விடும், லேத் பக்கம் வராது. பட்டறைப் பயிற்றுநர்களிடம் முதலில் கையெழுத்து வாங்குங்கள். விபத்து நடந்தால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள், தயங்காமல் போடுவார்கள். அலுவலகத்தில் கொடுத்து நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். மார்ச்சுக்குள் கொடுத்துவிடுங்கள். ஏப்ரலில் அடுத்த வருடக் கோட்டுக்கு மொத்தமாகத் துணி எடுத்துவிடுவார்கள், எடுத்த துணி தீரும்வரை நிர்வாகம் எதையும் மாற்றாது.